கொடி போர்த்திய நிலம்

கிளீட்டஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியபோது, கொடியின் நுனி மின்கோபுரத்தின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அவன் தலைக்கு மேலே போய்விட்டிருந்தது. குருபோங் ஊரின் பின்பக்கம் இன்னும் பனிமூட்டம் கலையவில்லை. கோபுரத்தின் மேல்பாதி மூட்டத்துக்குள் மறைந்திருந்ததால், கொடி வானத்துக்குள் வைத்துவிட்டு வந்த எதையோ எடுக்கப் போவதுபோல் ஏறிக்கொண்டிருந்தது. மும்மூன்றாக விரிந்த இலைகள் எல்லாவற்றிலும் நீர். போன வாரம் அது முழங்கால் உயரத்தில்தான் நின்றது. அப்போதே பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் இருட்டில் சுவரைத் தடவும் கைபோல அந்த நுனி காற்றில் மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அது எதைத் தொடும் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசையாக இருந்தது. மறுநாள் வந்து பார்த்தான். இரும்பைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டு வெண்டைக்காய் பறிக்கப் போய்விட்டான். பிறகு விடாமல் மழை. நிலத்தின் பின்பக்கம் வரவே இல்லை.

இப்போது சிரிப்பு வரவில்லை. கோபுரத்தில் எதுவும் படக்கூடாது. அந்த நிலத்தில் பயிர் செய்கிற எல்லாருக்கும் முதலில் சொல்லப்பட்ட விதி அதுதான். உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே வீடு கட்ட முடியாது, கடை போட முடியாது. அதனால் அந்த நீளமான துண்டு நிலம், ஒரு பக்கம் வீடமைப்புப் பகுதிக்கும் மறுபக்கம் தொழிற்சாலைகளின் மதிலுக்கும் நடுவே, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. அரசாங்க நிலம். வருடா வருடம் புதுப்பிக்கும் உரிமத்தின்பேரில் காய்கறி போட்டுக்கொள்ளலாம். நெடுமரம் கூடாது, நிரந்தரக் கட்டடம் கூடாது. சேகரன், பெரியநாயகி, கிளீட்டஸ், இன்னும் சிலர் என்று அந்தத் துண்டைப் பங்கிட்டுக்கொண்டு பயிர் செய்தார்கள். எல்லாருமே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்திலோ தோட்டத்தை ஒட்டியோ பிறந்து, பிறகு தொழிற்சாலை, லோரி, காவல் வேலை என்று போனவர்கள். தலைக்கு மேல் கம்பிகள் எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும். மழை நாளில் சத்தம் கூடும். புதிதாக வருபவர்களுக்குத் தலைவலிக்கும். கிளீட்டஸுக்கு அது தொலைவில் இருக்கும் ஒரு கடல். ஒரு மாலை நேரம் சேகரன் எங்கிருந்தோ ஒரு பழைய குழல்விளக்கைக் கொண்டுவந்து கம்பிகளுக்குக் கீழே பிடித்துக் காட்டினார். எந்த இணைப்பும் இல்லாமல் அவர் கையில் அது மங்கலாக எரிந்தது. அன்றிலிருந்து கிளீட்டஸுக்கு ஓர் எண்ணம்: தன் வெண்டைச் செடிகளுக்குள்ளும் இரவில் அப்படி ஏதோ எரிகிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

புக்கிட் ரம்பாயில் அவன் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு வந்த நிலம் இது. அதற்கு முன் பல மாதங்கள் அவன் வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், அவன் அதைப் பார்க்க மாட்டான். மனைவி பாட்ரீசியா வேலைக்குப் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே அவள் திரும்பும்போதும் இருப்பான். ஒருநாள் அவள் வீடு கூட்டும்போது, மேசையைச் சுற்றிக் கூட்டுவதைப் போலவே அவனையும் சுற்றிக் கூட்டிவிட்டு, பிறகு விளக்குமாற்றை வைத்துவிட்டு அழுதாள். அந்த வாரம்தான் சேகரன், தன் பக்கத்துத் துண்டில் பயிர் செய்பவர் ஜொகூருக்கு மகன் வீட்டோடு போகிறார், வருகிறாயா என்று கேட்டார். கிளீட்டஸ் போய் மண்ணைப் பார்த்தான். நாற்காலி காலியானது.

முதல் ஆண்டுகளில் பயத்தங்காய் கை நீளத்துக்குத் தொங்கியது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உரமூட்டையின் விலை ஏறிக்கொண்டே போனது, போட்டால்தான் காய்த்தது, போட்டது மழையில் கால்வாய்க்குப் போனது. மண் வெயிலில் சட்டி ஓடு மாதிரி வெடித்தது, மழையில் பசையாகி மண்வெட்டியில் ஒட்டியது. அது ஓய்வு கேட்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுத்த வருடம் கையில் இருக்குமா என்று தெரியாத மண்ணுக்கு யார் ஓய்வு கொடுப்பார்கள்? பட்டா இல்லாததால் உதவித் திட்டங்களில் பெயர் சேராது, வங்கி திரும்பிப் பார்க்காது. இருக்கிற வருடத்துக்குள் கறக்கும் வரை கறந்துகொள்வதுதான் அங்கே வழக்கம். மாட்டைக்கூட அப்படிக் கறக்க மாட்டோம் என்று பெரியநாயகி சொல்வாள், சொல்லிக்கொண்டே அடுத்த பாத்திக் கீரைக்கு விதை தூவுவாள்.

ஜாசினில் செம்பனை மறுநடவு வேலை பார்க்கும் நண்பன் கெல்வின்தான் இந்தக் கொடியின் விதைகளைக் கொடுத்தான். கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூட அங்கே போடுகிற கொடி. களையை அமுக்கும், இலையை உதிர்த்து உதிர்த்து மண்ணுக்கே போடும். கிளீட்டஸ் சாலையை ஒட்டிய சிறு பகுதியில் வெண்டையும் பயத்தங்காயும் வைத்துக்கொண்டு, கோபுரத்தை ஒட்டிய பெரிய பகுதி முழுவதிலும் கொடியைப் போட்டான். முதலில் அது அசையவே இல்லை. பிறகு ஒருநாள் தொடங்கியதும் நிற்கவில்லை. காலையில் பார்த்த இடத்தில் மாலையில் இருக்காது. நண்பகலில் தகரக் கொட்டகையில் படுத்துக் கண் அயர்ந்தால் அவனுக்கு ஒரே கனவு வந்தது. மிகப் பெரிய ஒரு பிராணி பச்சைப் போர்வைக்குள் தூங்குகிறது. மூச்சுவிடும்போது போர்வை உயர்ந்து தாழ்கிறது. எழுப்பிவிடக் கூடாதே என்று அவன் ஓரமாக, விரல் நுனியில் நடந்து போகிறான். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நடப்பான்.

அன்று காலை கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சேகரன் வந்தார். கையில் பாராங் என்கிற வெட்டுக்கத்தி. கோபுரத்தைப் பார்த்தார், கிளீட்டஸைப் பார்த்தார், பாராங்கை மண்ணில் குத்தி நிறுத்தினார். நில அலுவலகத்திலிருந்து நாளைக்கு ஒரு புவான், பெண் அதிகாரி, வருகிறார் என்றார். யாரோ கன்டெய்னர் நிறுத்துவதற்கு இந்த இடத்தைக் கேட்டிருக்கிறார்களாம். யார் யார் உண்மையிலேயே பயிர் செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்கள். சும்மா கிடக்கும் துண்டுக்கு அடுத்த வருடம் உரிமம் கிடையாது. ஒரு துண்டு சும்மா கிடந்தால் பக்கத்துத் துண்டையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

"ஒன் நெலத்த பாத்தா என்னாடா தோணும் அவுங்களுக்கு? பாம்புக்கு வூடு கட்டி குடுத்துருக்கான்னு தோணும்."

மண் ஆறுகிறது அண்ணே, மழைக்காலம் முடியட்டும், அப்புறம் பாருங்கள் என்று கிளீட்டஸ் சொன்னான். சேகரன் கோபப்படவில்லை. அதுதான் கிளீட்டஸுக்குக் கஷ்டமாக இருந்தது. தன் நாற்றங்காலில் கத்திரி நாற்று மிச்சமிருக்கிறது, காலையில் எல்லாருமாக வந்து இதை வெட்டித் தள்ளிவிட்டு நாற்றைக் குத்தி வைத்துவிடலாம் என்றார். வேர் பிடிக்கிறதோ இல்லையோ, பார்க்க வருகிறவர் கண்ணுக்குப் பயிராகத் தெரிந்தால் போதும். எல்லாரும் எப்போதோ ஒருமுறை அப்படிச் செய்தவர்கள்தான். போன முறை பெரியநாயகி பசாரில் வாங்கிய வெங்காயத்தையே வரிசையாக ஊன்றி வைத்திருந்தாள்.

பாட்ரீசியாவிடம் சொன்னபோது அவள் பயத்தங்காயைக் கட்டுக் கட்டாக ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை முடித்து வந்த கை, ஊறிப் போயிருந்தது. அவள் நிமிரவில்லை.

"என்னா பயிருன்னு அந்தப் புவான் கேட்டா, மண்ணு பயிர் பண்றேன்னு சொல்லுவீங்களா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு மண்ணப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அந்த நாக்காலியப் பத்திதான் தெரியும். மறுபடி நீங்க அதுல ஒக்காந்தா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். வெட்டிப் போடுங்க-லா."

அவன் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். போன ஞாயிறு பூசை முடிந்து இருவரும் கிளேபாங் கடற்கரைக்குப் போயிருந்தது அவன் நினைவுக்கு வந்தது. அவள் இளநீர் ஷேக் குடித்துக்கொண்டிருக்க, அவன் கடல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளி, எங்கோ ஒரு வெள்ளிக் கோடாக ஆக்கியிருந்தார்கள். புதுமணலில் கட்டடங்கள் நின்றன, பல ஜன்னல்களில் ஆளில்லை. கடலையே நிலமாக்க முடிகிற ஊரில், நிலத்தை நிலமாகவே கொஞ்ச நாள் விட்டுவைக்க ஏன் முடியவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பாட்ரீசியாவிடம் கேட்கலாமா என்று திரும்பினான். அவள் கண்ணை மூடிக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். பாட்ரீசியாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முதலில் கோபுரத்துக் கொடியை அடியில் வெட்டினார்கள். கிளீட்டஸே வெட்டினான். கொக்கி கட்டிய கம்பால் சேகரன் அதைக் கீழே இழுத்தார். ஒவ்வொரு பிடியாக விட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாக அவர் தோளில் விழுந்தது. "மாலையும் போட்டாச்சு. இனி பொண்ணு பாக்க வேண்டியதுதான்" என்றாள் பெரியநாயகி. சேகரன் மாலையை உதறிவிட்டு, உன் தங்கச்சி இருந்தால் சொல்லு என்றார்.

பிறகு சாலைப் பக்கமிருந்து உள்நோக்கி வெட்டத் தொடங்கினார்கள். மேலே பச்சையாக இருந்த கொடி உள்ளே அடுக்கடுக்காகப் பழுப்பாக, பின் கறுப்பாக இருந்தது. கடைசி அடுக்கைக் கிளீட்டஸ் விலக்கியபோது குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததைப் போல இருந்தது. கையை வைத்தான். மண்வெட்டி இறங்காத அந்த இடத்தில் விரல்கள் தாமாகவே இறங்கின. மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே ஏதோ ஒன்று அவன் விரலைத் தொட்டு, யோசித்து, சுற்றிக்கொண்டு போனது. மண்புழு. இந்த நிலத்தில் மண்புழுவைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. பக்கத்தில் ஆட்கள் வெட்டும் சத்தமும் கம்பிகளின் முனகலும் தள்ளிப் போயின. தூங்கும் பிராணியின் உடம்பில் கையை வைத்துவிட்டோம், அது இன்னும் விழிக்கவில்லை என்று மட்டும் தோன்றியது. இன்னும் கொஞ்ச நாள்தான். போர்வையை இப்போது இழுத்தால் வெயில் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் குடித்துவிடும்.

எழுந்து, போதும் அண்ணே, நிறுத்துங்கள் என்றான்.

யாருக்கும் முதலில் காதில் விழவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது பாராங்குகள் நின்றன. சாலையோரம் ஒரு பட்டை அளவுக்கு வெட்டியாகிவிட்டது, அதில் நாற்றை வைத்துக்கொள்ளலாம், பின்பக்கம் இருக்கட்டும் என்றான். பின்பக்கம் பார்க்க மாட்டாளா அந்த அம்மா, கண்ணில்லாமலா வேலைக்கு வருகிறாள் என்று யாரோ கேட்டார்கள். பார்த்தால் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது. சேகரன் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஒனக்கு ஆறு மாசம் கழிச்சு வர்ற மண்ணு பெருசு. எனக்கு நாளைக்கி லோரில ஏத்துற கத்திரிக்கா பெருசு. ஒன்னால என் நெலத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, தம்பின்னு பாக்க மாட்டேன் கிளீட்டஸ்."

சொல்லிவிட்டு, நாற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் வெட்டிய பட்டையில் தானே முதல் நாற்றை ஊன்றினார். பாட்ரீசியா அவர் பின்னாலேயே போய் அடுத்த நாற்றை வைத்தாள், அடுத்ததை, அடுத்ததை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கிளீட்டஸ் வெட்டிய கொடிகளைச் சுருட்டினான்.

அதிகாரி வெயில் ஏறிய பிறகு வந்தார். புவான் ரோஹானி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நடுத்தர வயது, சேற்றுக்குத் தயாராக ரப்பர் பூட்ஸ். சேகரனின் கத்திரியை ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்தார். பெரியநாயகியிடம் கீரை ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். கிளீட்டஸின் பட்டையில், காலையில் ஊன்றிய நாற்றுகள் வெயிலில் தலை தொங்கி நின்றன. ரோஹானி அவற்றைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் போலிருந்தது, தாண்டி உள்ளே நடந்தார். பின்பக்கத்துக்கு வந்ததும் நின்றார். கொடி கணுக்காலை மூடியது.

இதைப் போட்டது யார் என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றான் கிளீட்டஸ். தன் அப்பாவும் செம்பனைக்கு நடுவே இதைத்தான் போடுவார் என்றார் அவர். சின்ன வயதில் இதற்குள் படுத்து ஒளிந்து விளையாடியிருக்கிறாராம், ஒருமுறை அங்கேயே தூங்கிவிட்டதில் வீடே தேடியதாம். கிளீட்டஸுக்கு மனம் இளகியது. இவருக்குத் தெரியும், இவர் விட்டுவிடுவார் என்று நினைத்தான். ஆனால் அவர் முகம் மெல்ல வேலைக்குத் திரும்பியது. இதிலிருந்து இந்த வருடம் என்ன விற்பீர்கள் என்று கேட்டார். ஒன்றும் விற்க முடியாது என்றான். பொய் சொல்லியிருக்கலாம். தீவனம் என்றோ, விதை என்றோ. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ரோஹானி கைப்பேசியில் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்தார். தன் வேலையில் நிலம் இரண்டு வகைதான், பயிர் உள்ளது, சும்மா கிடப்பது என்றார். ஓய்வெடுக்கும் நிலம் என்று ஒரு வகை இல்லை. இருக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள், தானும் பேசியிருக்கிறார், விதியாக எழுதி வந்தால் அன்றைக்கு முதலில் இங்கே வந்து சொல்வேன் என்றார். அதுவரை தான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். திங்கட்கிழமை இந்தப் பக்கம் மறுபடி வர வேண்டியிருக்கிறது. அதற்குள் பின்பக்கமும் பயிராகத் தெரிந்தால் பயிர் என்று சொல்கிறேன், தெரியாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். குரலைத் தாழ்த்தி, மண் நன்றாக வந்திருக்கிறது அல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றான். அவர் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு நடந்தார்.

கார் போன பிறகு யாரும் உடனே கலையவில்லை. வானம் புக்கிட் ரம்பாய்ப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளிகள் விழுந்ததும் எல்லாரும் கிளீட்டஸின் தகரக் கொட்டகைக்குள் ஒடுங்கினார்கள். மழை மொத்தமாக இறங்கியது. தகரத்தின் சத்தத்தில் பேச முடியவில்லை. பாட்ரீசியா பாராங்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தலைகீழ்க் கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள். மழை விட்டதும் அவள் எழுந்து முதல் வெட்டு வெட்டப்போகிறாள் என்று கிளீட்டஸுக்குத் தெரியும். அவளைத் தடுக்கத் தன்னிடம் எந்த நியாயமும் இல்லை என்பதும் தெரியும்.

பெரியநாயகிதான் முதலில் கவனித்தாள். கையை நீட்டிக் காட்டினாள். அவளுடைய பாத்திகளிலிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சேகரனின் நிலத்திலிருந்தும் அப்படியே, இன்னும் வேகமாக, உரம் போட்ட நுரையோடு. காலையில் வெட்டிய பட்டையில் மண் ஏற்கெனவே கரைந்து, நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. அதைத் தாண்டி, கொடி மூடிய இடத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. மற்ற இடங்களில் பெய்யும் அதே மழைதான் அங்கேயும் பெய்தது. இலைகள் குனிந்து நிமிர்ந்தன. ஆனால் ஒரு சொட்டுக்கூட வெளியே ஓடவில்லை. விழுந்த தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. சேகரன் கொட்டகையின் ஓரத்துக்கு நகர்ந்து, தோள் நனைவதைப் பொருட்படுத்தாமல் குனிந்து பார்த்தார். தன் வாய்க்காலைப் பார்த்தார், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

பாட்ரீசியா எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பாராங்கைக் கையில் பிடித்தபடியே மழைக்குள் இறங்கினாள். சாய்ந்த நாற்றுகளைக் கடந்து, கொடி தொடங்கும் இடத்தில் போய் நின்றாள். அவள் பாதம் மெல்ல உள்ளே இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அவள் கீழே பார்த்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், அதுவும் இறங்கியது. கொஞ்ச நேரம், யாருடைய வீட்டுக்குள்ளோ அறியாமல் நுழைந்துவிட்டவளைப் போல அசையாமல் நின்றாள். மழை அவள் தலைமுடியையும் அந்தப் பெரிய சட்டையையும் உடம்போடு ஒட்டவைத்தது.

வெட்டிவிட்ட ஓரத்திலிருந்து ஒரு கொடி அதற்குள்ளேயே தலை நீட்டி, சாய்ந்து கிடந்த கத்திரி நாற்று ஒன்றின்மேல் படரப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்ரீசியா குனிந்தாள். பாராங்கைப் பக்கத்தில் மண்ணில் வைத்தாள். கொடியின் நுனியை இரண்டு விரல்களால் எடுத்து, ஒடியாமல் மெதுவாக வளைத்து, அது வந்த பக்கமே திருப்பிவிட்டாள். பிறகு மண்டியிட்டபடியே நாற்றை நிமிர்த்தி, அதன் அடியில் இரு கையாலும் மண்ணை அணைத்தாள்.